லைன்லயே இரு

புதுச்சத்திரம்,
6 மார்ச் 2025

அண்ணிக்கு,

நவீன்குமார் எழுதுவது. இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. என்ன செய்ய, என் போனை நீங்கள் எடுப்பதில்லை. காரணத்தை உங்கள் பக்கத்து வீட்டு நான்சி அக்காவிடம் சொல்லி அனுப்பினீர்கள். என் குரல் அச்சு அசல் அண்ணன் குரலாக இருக்கிறதாம், கேட்டால் நெஞ்சடைக்கிறதாம். குரலை மாற்றிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. வாட்ஸப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் முட்டை வண்டி ஞானதாஸ் அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். உங்கள் தெருமுனைக் கடைக்கு அவர்தான் தட்டு இறக்குகிறார்.

ஷெட்டில் கோழிகளுக்குப் பாட்டுப் போடுவது உங்களுக்குத் தெரியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் லாரி ஹாரனுக்கும் பட்டாசுக்கும் அவை மிரளாது. அண்ணன் தவறிய பிறகு என் போனிலிருந்தே நெட்டில் பாட்டுப் போட்டேன். அதுதான் வினையாகிவிட்டது. இங்கே டவர் வரும், போகும். பாட்டு பாதியில் நின்றால் கோழி மிரளும். அதைவிட மோசம் விளம்பரம். மெல்லிய பாட்டு முடிந்த கையோடு ஒருத்தன் நகைக்கடைக்கு வாங்க வாங்க என்று ஸ்பீக்கர் கிழியக் கத்துவான். ஒரு மதியம் அப்படிக் கத்தியதில், கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, கம்பியில் கழுத்து மாட்டிச் செத்தவை கொஞ்சமில்லை.

அன்றோடு நெட்டை நிறுத்தினேன். போனுக்குள்ளேயே ஏற்றி வைத்த பாட்டென்றால் மாறாது, நிற்காது, நடுவில் எவனும் வந்து கத்த மாட்டான். பீரோவில் அண்ணனுடைய பழைய போன் இருந்தது. சிம் எப்போதோ எடுத்தாகிவிட்டது. மெமரி கார்டில் அண்ணன் ஏற்றிய பாட்டுகள் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் கலந்து பாடும்படி வைத்து, ஸ்பீக்கரில் மாட்டிவிட்டுத் தீவன மில்லுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, முட்டை பொறுக்குகிற ராமாயி அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றார். "சின்னவருங்க, உள்ள பெரியவரு பேசறாருங்க" என்றார். உள்ளே போனால் நிஜமாகவே அண்ணன் ஷெட் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். நீங்களும் பேசினீர்கள். இஞ்சி வாங்கி வரச் சொல்லி மறந்துவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

முட்டை வியாபாரிகள் காலையில் ஒரு விலை சொல்லிவிட்டு மாலையில் மாற்றுகிறார்கள் என்று, வருகிற போகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும்படி அண்ணன் வைத்திருந்ததை நான் மறந்தே போனேன். போனுக்குள் சத்தம் என்று எது இருந்தாலும் அந்தப் பாட்டு ஆப்புக்கு அது பாட்டுதான்.

நிறையப் பேச்சு இருக்கிறது, அண்ணி. கடைசிப் பேச்சும் இருக்கிறது. மோட்டார் ரூமில் ஷாக் அடித்து விழுவதற்கு முன்னால் அண்ணன் உங்களோடு பேசியது. அதை நான் திறக்கவில்லை. அழிக்கட்டுமா, உங்களுக்கு அனுப்பட்டுமா? சொல்லுங்கள்.

நவீன்குமார்

சிவதாபுரம், சேலம்
9 மார்ச் 2025

நவீன் தம்பிக்கு,

நன்றாயிருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் என்னை நிறுத்தி வைத்து, "கடைசியாப் பேசுனது நீங்கதானுங்க அண்ணி, பேச்சு நின்னதும் எனக்கொரு போன் போட்டிருந்தா அண்ணன் பொழச்சிருப்பாருங்க" என்று கேட்டீர்கள். அது போதாதென்று இப்போது என் வீட்டுப் பேச்சை ஸ்பீக்கர் கட்டிக் கோழிக்கெல்லாம் கேட்கக் கொடுக்கிறீர்கள். இஞ்சிச் சண்டையோடு நின்றதா? மற்றதையெல்லாம் ராமாயி அக்கா கேட்டுவிட்டாரா? நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொரு முறை சொல்கிறேன். ஆமாம், நான்தான் கட் பண்ணினேன். அன்றும் மறைக்கவில்லை, இன்றும் மறைக்கவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன், லைனில் இரு என்றார். இருந்தேன். கோழிச் சத்தமும் பாட்டும்தான் கேட்டன. போனை அப்படியே வைத்துவிட்டு எங்கேயாவது போய் நிற்பது அவருக்கு வழக்கம். கோபத்தில் கட் பண்ணிவிட்டேன். மனுசன் விழுந்து கிடக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் அனுப்புங்கள். என்னிடம் அவர் குரல் ஒன்றுகூட இல்லை. போன வருஷம் என் போன் தண்ணீர்க் குடத்தில் விழுந்ததோடு எல்லாம் போயிற்று. போட்டோ இருக்கிறது, வேட்டி இருக்கிறது, குரல் இல்லை. போன வாரம் யாழினியிடம் நான்சி கேட்டாள், அப்பா எப்படிப் பேசுவார் என்று. ஏழு வயதுப் பிள்ளை வெகு நேரம் யோசித்துவிட்டு "மறந்துருச்சு" என்றாள். கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போய் முத்துக் கோக்க உட்கார்ந்த நான், அன்று முழுக்க ஒரு ஜோடிகூட முடிக்கவில்லை. என் பிள்ளைக்கு அப்பன் குரல் வேண்டும். எனக்கும் வேண்டும். உங்களிடம் கேட்கிற நிலைமை வந்ததே என்று ஆத்திரமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

கடைசிப் பேச்சையும் சேர்த்து அனுப்புங்கள். அதை மட்டும் நீங்கள் கேட்கக் கூடாது.

தேவிப்ரியா

புதுச்சத்திரம்,
14 மார்ச் 2025

அண்ணிக்கு,

இத்துடன் ஒரு மெமரி கார்டு. எல்லாப் பேச்சையும் இதில் ஏற்றியிருக்கிறேன். அண்ணன் போனில் பேச்சை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தேன், ஷெட்டில் இனிமேல் பாட்டுதான் ஓடும் என்று.

ஓடவில்லை. நேற்று மதியம், வெயில் உச்சியில், நான் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டு முடிந்து உங்கள் குரல் வந்தது. யாழினியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு அண்ணன் வரவில்லை என்று திட்டினீர்கள். கடைசிப் பேச்சு அதுதான் என்று புரிந்ததும் நிறுத்த ஓடினேன். என் கை முழுக்க ஈரம், திரையில் எங்கே தொட்டாலும் அது நிற்கவில்லை. சத்தியமாக வேண்டுமென்று கேட்கவில்லை, அண்ணி.

அண்ணன் சொன்னது கேட்டது. "இரு பிரியா, லைன்லயே இரு. மோட்டாரைப் போட்டுட்டு வாரேன்." பிறகு ஷெட் சத்தம். நீங்கள் "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டீர்கள். பிறகு "இவருக்கு இதே வேலை" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

இதற்கு மேல்தான் எனக்கு எழுத வரவில்லை. நீங்கள் வைத்ததும் பதிவு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் ஷெட்டில் ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை. பத்தாயிரம் கோழி இருக்கிற இடம் அப்படி அடங்கி நான் பார்த்ததே இல்லை. அந்த அமைதியில் ஸ்பீக்கருக்குள் தூரத்தில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் பாட்டு வந்துவிட்டது.

உங்கள் கார்டிலும் அது இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நவீன்குமார்

சேலம்,
17 மார்ச் 2025

நவீன் தம்பிக்கு,

கார்டு வந்தது. கேட்டேன். நான் வைக்கிற சத்தத்தோடு பதிவு முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு மூச்சுக்கூட இல்லை. எத்தனை முறை போட்டாலும் அப்படித்தான்.

உங்களுக்கு என்ன வேண்டும் தம்பி? பதினாறாம் நாள் வாயால் குத்தினீர்கள், சரி, அண்ணனைப் பறிகொடுத்த துக்கம் என்று விட்டேன். இப்போது பேய்க்கதை சொல்லிக் குத்த வேண்டுமா? நான் வைத்த பிறகும் அவர் நடந்தார், உயிரோடு இருந்தார், நீ கேட்காமல் போனாய் என்று சொல்ல வருகிறீர்களா? நேராகவே சொல்லிவிடுங்கள், அதற்கெதற்கு கோழியைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

மற்றப் பேச்சையெல்லாம் யாழினிக்குப் போட்டுக் காட்டினேன். முதல் "அலோ" கேட்டதுமே "அப்பா!" என்று கத்தினாள். மறக்கவில்லை, உள்ளேதான் எங்கேயோ இருந்திருக்கிறது. இஞ்சிச் சண்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்கு மட்டும் உங்களுக்கு நன்றி.

கடைசிப் பேச்சை அவளுக்குப் போடவில்லை.

தேவிப்ரியா

புதுச்சத்திரம்,
25 மார்ச் 2025

அண்ணிக்கு,

குலசாமி மேல் ஆணையாகக் குத்துவதற்காக எழுதவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் போனில் போட்டுப் பார்த்தேன், நீங்கள் வைத்ததும் முடிகிறது. கம்ப்யூட்டரில் போட்டேன், அப்படியே. அண்ணன் போனை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன், அப்போதும் முடிகிறது. அதே போனை ஷெட்டில், அண்ணன் எப்போதும் போன் வைக்கிற மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் முடிவதில்லை. போனில் சிம் இல்லை, நெட் இல்லை, வெளியிலிருந்து அதற்குள் எதுவும் வர வழியில்லை. ஏற்றி வைத்தது மாறாது என்றுதானே அந்தப் போனையே எடுத்தேன்? இது போடப் போட நீளுகிறது.

நடை மோட்டார் ரூம் பக்கமிருந்து வருகிறது. முதலில் நாலைந்து அடி கேட்டது. இப்போது ஷெட்டின் பாதி வரை வருகிறது. யார் நடை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பைக்கில் விழுந்த பிறகு அண்ணன் இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார் இல்லையா? அந்த நடை.

கோழிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீவனம் போட்டுக்கொண்டே ஒருவர் கூண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் வந்தால் அவை எப்படிக் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி, ஆள் நகர நகரத் திரும்பிப் பார்க்கும்? அப்படிப் பார்க்கின்றன. முதலில் மோட்டார் ரூம் ஓரத்துக் கூண்டுகள், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது. பட்டப்பகல், வெயில் சாய்ந்து நடைபாதை முழுக்க விழுந்திருக்கிறது, அதில் ஒருவரும் இல்லை. இந்தக் கோழிகள் போன ஆடியில் குஞ்சாக வந்தவை. அண்ணனை அவை பார்த்ததே கிடையாது.

ராமாயி அக்கா வேலைக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். "கோழிக்குத் தெரியுதுங்க சின்னவரே, நமக்குத்தான் தெரியல" என்றார். நானே முட்டை பொறுக்குகிறேன்.

அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்களிடம்தான் நகல் இருக்கிறதே. நேற்று விரலை அதன்மேல் வைத்தும்விட்டேன். உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. பயமாக இருக்கிறது, அண்ணி. அண்ணனைப் பார்த்து எனக்கு எதற்குப் பயம் என்று கேட்டுப் பார்க்கிறேன், பயம் போக மாட்டேன் என்கிறது.

நவீன்குமார்

சேலம்,
28 மார்ச் 2025

நவீன் தம்பிக்கு,

அழிக்காதீர்கள். கை வைக்காதீர்கள். அண்ணி என்ற மரியாதை கொஞ்சமாவது இருந்தால் நான் சொல்கிறவரை அந்தப் போனை அந்த மேசையிலிருந்து எடுக்காதீர்கள்.

போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். செருப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் எதை வேண்டுமானாலும் இட்டுக்கட்டலாம், அதை இட்டுக்கட்ட மாட்டீர்கள்.

இங்கே ஒன்று நடந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் யாழினி போனை எடுத்து அந்தக் கடைசிப் பேச்சைப் போட்டுக் கேட்டுவிட்டாள். நான் வந்தபோது அழவில்லை, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா இருன்னு சொன்னாருல்ல? நீ ஏம்மா கட் பண்ணுன?" என்றாள். உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. ஊருக்குச் சொல்லவும் இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அப்பா வந்துட்டாரா, வந்துட்டாரா என்று அதையே போட்டுப் போட்டுக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் வைக்கிற சத்தம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

அவர் வருகிறேன் என்றுதான் சொன்னார், வருகிறார். நான்தான் அன்று இருக்கவில்லை. அவர் வந்து சேரும்போது அந்தப் பக்கம் யாருமில்லாமல் போகக் கூடாது. ஆனால் அந்த ஷெட்டுக்குள் கால் வைக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு வந்த நடைபாதைதானே அது.

எதுவரை வந்திருக்கிறார் என்று எழுதுங்கள். ஏதாவது பேசுகிறாரா?

தேவிப்ரியா

புதுச்சத்திரம்,
5 ஏப்ரல் 2025

அண்ணிக்கு,

பேசவில்லை. மேசைக்குக் கிட்டத்தில் வந்துவிட்டார். நேற்றுப் போட்டபோது நடை நின்று, மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தால் வாங்குமே, அது. அத்தோடு முடிந்து பாட்டு வந்தது. இன்னொரு தடவை போட்டால் பேசுவார் என்று என் மனம் சொல்கிறது. போட எனக்குத் தைரியம் இல்லை, உரிமையும் இல்லை.

இன்னொரு சங்கடம். போனின் பாட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. ராசிபுரத்தில் கடைக்காரரிடம் காட்டினேன். "இதைச் சார்ஜ்ல போடாதீங்க, வெடிச்சிரும். வேற பாட்டரியும் இதுக்கு வராதுங்க" என்றார். மிச்சம் இருக்கிற சார்ஜில் ஒரு தடவை ஓடினால் பெரிது. அணைத்து, மறுபடி மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

வாருங்கள், அண்ணி. நீங்கள் வருகிற அன்று நான் ஷெட்டில் இருக்க மாட்டேன். வாயைத் திறக்கவும் மாட்டேன். என் குரல் கேட்டு நீங்கள் தடுமாறக் கூடாது. உள்ளே கேட்பது அண்ணன்தானா, நான்தான் ஒளிந்து நின்று பேசுகிறேனா என்கிற சந்தேகமும் பின்னால் உங்களுக்கு வரக் கூடாது. கேட் திறந்திருக்கும்.

நவீன்குமார்

சேலம்,
8 ஏப்ரல் 2025

நவீன் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். யாழினியை நான்சியிடம் விட்டுவிட்டு வருகிறேன். அவளுக்கு எங்கே என்று சொல்லவில்லை.

மோட்டார் ரூம் கதவைச் சாத்தி வையுங்கள். அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

தேவிப்ரியா

சேலம்,
15 ஏப்ரல் 2025

நவீன் தம்பிக்கு,

நீங்கள் தார் ரோட்டு டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

வெளியே நெருப்பாக வெயில். உள்ளே கோழிகள் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தன. முதலில் கால் எடுத்து வைக்கவே வரவில்லை. பிறகு யாழினி முறைத்த முறைப்பு ஞாபகம் வந்தது, போய்விட்டேன். முக்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு முன்னால், மோட்டார் ரூமுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போட்டேன்.

என் குரல் அத்தனை கடுப்பாக இருக்கும் என்று, அதை ஷெட் முழுக்கக் கேட்டபோதுதான் தெரிந்தது. பாவம் மனுசன், குறுக்கே ஒரு வார்த்தை பேச விடவில்லை. பிறகு அவர் சொன்னார், இரு பிரியா, லைன்லயே இரு என்று. நான் ஏனுங்க ஏனுங்க என்று கூப்பிட்டது. நான் வைத்தது. அந்தச் சத்தம் வந்ததும் கோழிகள் அடங்கின. நீங்கள் எழுதியிருந்தீர்கள், ஆனாலும் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நடை வந்தது. அவர்தான். திரும்பிப் பார்க்கவில்லை. என் இரண்டு பக்கமும் கோழிகள் தலை நீட்டின, நீட்டிய தலைகள் மெல்ல மெல்ல என் பக்கமாகத் திரும்பின. செருப்புச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்ததா, எனக்குப் பின்னாலிருந்து வந்ததா என்று கேட்காதீர்கள். நின்றது. மூச்சு வாங்கியது. பிறகு, வேலையை முடித்துவிட்டு வந்து போனை எடுத்த ஆள் எப்படிக் கேட்பாரோ அப்படி, "பிரியா, இருக்கியா?" என்றார்.

எங்கே பதில் சொல்வதற்குள் முடிந்துவிடுமோ என்று பதறி, "இருக்கேனுங்க. லைன்லதான் இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அந்த நொடியே போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் சொன்னது அவருக்குக் கேட்டதா இல்லையா, தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், நடைபாதை காலியாக இருந்தது. கோழிகள் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தன. என்னை இல்லை, என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பதில் வரவில்லையே என்றுதான் அழுகை.

தேவிப்ரியா

புதுச்சத்திரம்,
19 ஏப்ரல் 2025

அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகு போனை ஒரு டப்பாவில் போட்டு மூடி நிலத்தில் புதைத்துவிட்டேன், வெடித்துவிடக் கூடாதென்று. கார்டை மட்டும் கழற்றி வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் அதை என் போனில், வீட்டில் உட்கார்ந்து போட்டேன்.

பதிவு மாறியிருக்கிறது. இப்போது எந்தப் போனில் போட்டாலும் கேட்கிறது. நீங்கள் வைக்கிற சத்தம் அதில் இல்லை. "இவருக்கு இதே வேலை" என்பதும் இல்லை. ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள், உங்கள் மூச்சு கேட்கிறது. நடை வருகிறது. "பிரியா, இருக்கியா?" என்கிறார். "இருக்கேனுங்க. லைன்லதான் இருக்கேன்." உங்கள் குரல், அண்ணி. பாட்டை ஓட்டிக்கொண்டிருந்த போன் உங்கள் பேச்சை எப்படிப் பதிந்துகொண்டது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் நான் பார்க்கவில்லை.

அவருக்குக் கேட்டிருக்கிறது. லேசாகச் சிரிக்கிறார். பிறகு, "பாப்பாகிட்டக் குடு" என்கிறார்.

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேலும் வெகு தூரம் இருக்கிறது என்று திரையில் கோடு காட்டுகிறது. அது எனக்கானது இல்லை. கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

நவீன்குமார்

சேலம்,
24 ஏப்ரல் 2025

நவீன் தம்பிக்கு,

முதலில் நான் தனியாகக் கேட்டேன். "குடு" என்பதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன், வெறுமையாக ஓடுகிறது. இத்தனை நீளத்துக்கு ஒன்றுமில்லாமல் எதற்கு ஓட வேண்டும்?

கார்டைக் கொலுசுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். எனக்கும் உங்கள் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் கேட்டுவிட்டார், நான் தராமல் வைத்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்க, மறுபடி ஒரு தடவை கட் பண்ணுவது போலவே இருந்தது. இன்று மதியம் யாழினியை உட்கார வைத்து, பதிவை அந்த இடத்திலிருந்து போட்டு, போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கேட்டது அவள் பேச்சு மட்டும்தான். "அப்பா" என்றாள். ம், ம் என்று கேட்டாள். "ஒன்னாங்கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வாங்குனனுங்கப்பா" என்றாள். "இல்லீங்கப்பா, அம்மா இங்கதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் வெகு நேரம் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் "சரிங்கப்பா" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள். முகம் தெளிந்திருந்தது. இத்தனை நாள் முறைப்பெல்லாம் போய், வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு, சாமி?" என்று கேட்டேன்.

"உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தலையைத் தடவிக் கேட்டேன், மிரட்டிக் கேட்டேன், வாய் திறக்கவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன். "பாப்பாகிட்டக் குடு" என்பதோடு பதிவு முடிந்துவிடுகிறது, அந்த வெற்று நீளம் இப்போது இல்லை.

பயப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறாள். நான் லைனில் இருந்தேன், தம்பி. அவரும் வந்தார். வந்து கேட்டது அவளைத்தான்.

தேவிப்ரியா